எடுத்த இடம்

ஜூன் 9, திங்கள்

யாமினியை டாக்டர் மும்தாஜிடம் காட்டிவிட்டு வந்தேன். ஒன்பது வருஷமாக அவள் அம்மா பூர்ணிமாதான் கூட்டிப் போவாள். எனக்கு எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று தெரியவில்லை. யாமினிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் பொத்தானையும் அவளே அமுக்கினாள்.

டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். பிறகு குழம்பக் கூடாது. பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்தாயிற்று. அண்ணத்தை ஒரு வயதில் மூடியாயிற்று. மிச்சம் இருப்பது மேல் ஈறுக்குள் எலும்பில் உள்ள இடைவெளி, இடது பக்கம். அங்கே மேலோட்டமாக ஈறு மூடியிருக்கிறது, மூக்குக்குப் போகும் ஒரு சின்ன ஓட்டை மிச்சம்; உள்ளே எலும்பே இல்லை. அதற்கு நேர் மேலே ஒரு கோரைப்பல் இறங்கி வரத் தயாராக நிற்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

"பல்லு எறங்கறதுக்கு ரோடு வேணுமில்ல? அங்க ரோடே இல்ல. நாமதான் போட்டுத் தரணும்" என்றார் டாக்டர். "ரெண்டு மாசத்துக்குள்ள போட்டா நல்லது. விட்டுட்டா பல்லு பள்ளத்துல வந்து நிக்கும். பக்கத்துப் பல்லையும் சேத்துக் கெடுத்துடும்."

"எதால போடுவீங்க டாக்டர்?"

"நான் எப்பவும் அவங்கவங்க எலும்புதான். இடுப்புல இங்க சின்னதா ஒரு கீறல். உள்ள பஞ்சு மாதிரி இருக்கற எலும்ப ஸ்பூன்ல சுரண்டி எடுத்து..."

"வேற என்னென்ன மெட்டீரியல் இருக்கு?"

என் குரல் பர்சேஸ் மீட்டிங்கில் கேட்பது மாதிரி இருந்தது.  டாக்டர் விரல் விட்டு எண்ணினார். சுத்தம் செய்த மாட்டு எலும்பு. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு. லேபில் செய்த செராமிக் துகள். எலும்பை வளரவைக்கும் ஒரு புரதம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃபவுண்டரில மெட்டலர்ஜிஸ்ட். பம்பு காஸ்டிங் டெஸ்ட் பண்றேன்."

"அதானே பாத்தேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது யாமினி, "டாக்டரப் பேசவே உடலீங்கப்பா நீங்க" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவர் ஓடிபி கேட்டார். அது பூர்ணிமா நம்பருக்குத்தான் போகும். அவள் போனில் ஸ்கிரீன் நொறுங்கிக் கருப்பாகக் கிடக்கிறது. உள்ளே மெசேஜ் வந்த சத்தம் மட்டும் கேட்டது. சார்ஜ் முழுசாக இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிலிண்டர்காரர், "பரவால்லீங்க சார், நாளைக்கு வாறேன்" என்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

ஷிஃப்ட் முடிந்து லேபிலேயே உட்கார்ந்து அட்டவணை போட்டேன். ஐந்து மெட்டீரியல், ஐந்து வரிசை. பத்திகள்: பலம், துளைகள், எத்தனை நாளில் கரையும், தொற்று அபாயம், எடுத்த இடத்தில் மிஞ்சுவது.

துளை விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். இரும்பை உருக்கி வார்க்கிற எங்கள் காஸ்டிங்கில் துளை இருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவோம். பதினொரு வருஷமாக அதுதான் என் வேலை. இங்கே துளை இல்லாவிட்டால்தான் கழித்துவிட வேண்டும். துளைக்குள்தான் ரத்தக்குழாய் நுழையுமாம். பாதி அட்டவணையைத் தலைகீழாகப் போட்டு வைத்திருந்தேன். அழித்துத் திரும்ப எழுதினேன்.

கடைசிப் பத்தியில் மாடு, தானம், செராமிக், புரதம் நான்குக்கும் "ஒன்றுமில்லை". யாமினியின் சொந்த எலும்புக்கு மட்டும் "குழி".

லேபில் ஈரம் படாமல் சாம்பிள் வைக்கும் கண்ணாடி ஜாடியில், பின் வரிசையில் ஒரு துண்டு இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஆறாவதாக ஒரு வரிசை போட்டேன். பெயர் எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

விசு மச்சான் கோபியிலிருந்து வந்தார். பூர்ணிமாவின் அண்ணன். ஒரு சாக்குத் தேங்காய், டிபன் கேரியர் நிறைய கோழிக்குழம்பு. யாமினி அவர் பைக்கில் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள்.

மேஜையில் இருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டார். "இதென்னுங் மாப்ள, பரீட்சைக்குப் படிக்கறாப்ல?"

சொன்னேன்.

"மாட்டெலும்பா?" கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, மாலையப் போட்டு, வுழுந்து கும்புட்டுப்போட்டு, அதோட எலும்பயே எம்பட மருமவ வாய்க்குள்ள வெக்கறதுங்களா? என்னுங் மாப்ள நீங்க!"

"அது மருந்து மாதிரிதானுங் மச்சான். சுத்தம் பண்ணித்தான் தருவாங்க."

"மாமா, அத வெச்சா நான் மே மேன்னு கத்துவனா?" என்றாள் யாமினி.

"அது ஆடு சாமி. மாடுன்னா அம்மான்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.  மிக்ஸி வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டார். நான் தெரியாது என்றேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "செத்தவங்க எலும்புன்னா, ஆரு எவுருன்னே தெரியாதுங்களா?" என்றார்.

"தெரியாதுங்."

"அதான் ஒருமாதிரி இருக்குது. தெரிஞ்சவங்கன்னாலும் செரி."

போன பிறகு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரியில் பவானி கூடுதுறையில் நான் அஸ்திச் சட்டியைத் தண்ணீரில் விட்டபோது மச்சான்தான் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் விட்டாயிற்று என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 18, புதன்

யாமினிக்கு ரெட்டைச் சடை. இடது பக்கம் தடியாகவும் வலது பக்கம் மெலிசாகவும் வந்தது. "பரவால்லீங்கப்பா, திரும்பி நின்னுக்கறேன்" என்றாள். எப்படித் திரும்பி நிற்பாள்?

பால் குடிக்கும்போது மூக்கில் வந்தது. ஈறில் இருக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான். அவளே துடைத்துக்கொண்டாள். பழகிவிட்டது.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள். பூர்ணிமா அன்றிலிருந்து பெயர் தேடினாள். அண்ணம் பிளந்த குழந்தைக்கு க, ட, ப வராது, காற்று மூக்கு வழியாகப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவ பேரு அவ வாய்ல வரோணும். வேற எது வராட்டியும்" என்றாள். யா, மி, னி. மூன்றும் வரும். அப்படி வைத்ததுதான்.

அட்டவணையில் இன்று ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஜெரால்டைப் பார்க்கப் போனேன். என்னோடு படித்தவன், இப்போது எங்கள் கல்லூரியிலேயே எக்ஸ்ரே கருவி இருக்கிற லேபில் இருக்கிறான். ஒரு பொருளின் மேல் கதிரை விட்டால் அது எந்தப் படிகம் என்று கோடு போட்டுக் காட்டும் கருவி. ஜாடித் துண்டு இருந்த டப்பாவைக் கொடுத்தேன்.

"என்னடா சாம்பிள்?"

"போன்."

"எந்த அனிமல்?"

நான் சொல்லவில்லை. அவன் பேனாவைத் திறந்து பதிவு ஷீட்டில் எழுத ஆரம்பித்தான். "ஹீட் ட்ரீட்மென்ட் ஆயிருக்கா?"

"ஆயிருக்கு. எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி இருக்கும்."

"யாரு பண்ணுனது? உங்க ஃபர்னஸா?"

"கார்ப்பரேஷன்."

ஜெரால்ட் நிமிர்ந்து பார்த்தான். பூர்ணிமாவின் காரியத்துக்கு அவனும் வந்திருந்தான். ஆத்துப்பாலம் மின் மயானத்தில் வெளியே என்னோடு நின்றவன். பேனாவை மூடினான். எழுந்து போய் கையுறை போட்டுக்கொண்டு வந்தான். அதுவரை வெறும் கையால்தான் டப்பாவைப் பிடித்திருந்தான்.

"நவநீ, இதப் பொடி பண்ணித்தான் வெக்கணும்" என்றான்.

"பொடி பண்ணாம முடியாதா?"

"கோடு அவ்ளோ கிளியரா வராது."

"பரவால்ல."

"எதுக்குடா இது?"

யாமினி ஆபரேஷனுக்கு மெட்டீரியல் ஒப்பிடுகிறேன் என்றேன்.  அவன் துண்டின் தட்டையான பக்கத்தை மேலே வைத்து, சுற்றிலும் களிமண் மாதிரி எதையோ அணைகட்டி, ஆடாமல் உட்கார வைத்தான். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு செய்தான்.

ஜூன் 27, வெள்ளி

ரிசல்ட் வந்தது. ஹைட்ராக்சிஅபடைட், எலும்பிலும் பல்லிலும் இருக்கிற தாது. கடையில் விற்கிற செராமிக் துகளின் கோடுகளை ஒரு தாளில் எடுத்து, இதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேட்டுக்கு மேடு பொருந்துகிறது. எந்தத் தாள் எது என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை.

ஆறாவது வரிசையில், தொற்று அபாயம்: இல்லை. அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது. யாருடையது: தெரியும். எடுத்த இடத்தில் மிஞ்சுவது:

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

சாயங்காலம் யாமினியின் யூனிஃபார்மோடு என் ஆயில் சட்டையைச் சேர்த்துத் துவைத்துவிட்டேன். எல்லாம் சாம்பல் நிறம்.

ஜூலை 4, வெள்ளி

யாமினியை ஸ்கூலில் விட்டுவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனேன். அட்டவணையைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். யாரும் இதுவரை அதை முழுசாகப் படித்ததில்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க. என் ஸ்டூடண்ட்ஸ் இப்படிப் பண்ண மாட்டாங்க. ஆனா ஒரு பத்தி விட்டுப் போச்சு."

"எது டாக்டர்?"

"இதுக்குள்ள பல்லு எறங்குமா எறங்காதா? செராமிக்குக்கு பலத்துல நூத்துக்கு நூறு போட்டிருக்கீங்க. அதான் பிரச்சினையே. நீங்க சொல்ற இந்த வகை கரையாது, கல்லு மாதிரி அங்கயே இருக்கும். பல்லு முட்டிப் பாத்துட்டு நின்னுடும். கரையற வகையும் இருக்கு, தானமா வர்ற எலும்பும் இருக்கு. சில டாக்டர்ஸ் யூஸ் பண்றாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன். உங்க பொண்ணுக்கு இருக்கற கேப்புக்கு எனக்கு உயிரோட இருக்கற எலும்புதான் வேணும். அதான் தள்ளி வழி விடும், பல்லு வந்ததும் அதப் புடிச்சுக்கும்." தாளைத் திருப்பினார். "இந்த ஆறாவது என்ன? பேரே போடல?"

டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். ரிசல்ட் தாளையும் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். பூர்ணிமாவோடது என்று மட்டும் சொன்னேன். "இது ஸ்டெரைல்தான் டாக்டர். கெமிக்கலா பாத்தா ஒரே மெட்டீரியல்" என்றேன். "கொஞ்சமா வெச்சாக்கூடப் போதும்" என்றேன்.

டாக்டர் டப்பாவைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை வைத்தார்.  வெளியே நர்ஸ் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"முடியாது நவநீதன்" என்றார். "இதுல உயிர் இல்ல. வெச்சா யாமினி உடம்பு இத ஏத்துக்கலாம், இல்ல வெளிய தள்ளலாம். எப்படின்னாலும் பல்லு வராது. நான் செய்ய மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கறேன். இடுப்புன்னு சொன்னாலே நீங்க பேச்ச மாத்தறீங்க. அன்னைக்கும் பாத்தேன்."

"டோனர் சைட்ல, எலும்பு எடுத்த எடத்துல, வலி இருக்கும்னு படிச்சேன்."

"அது மட்டுமா?"

சொன்னேன். அவினாசி ரோடு, பூர்ணிமா வண்டி, தண்ணி லாரி. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேசிக்கொண்டிருந்தாள். யாமினிக்கு ஸ்கூல் விடும் நேரம் ஆகிவிட்டது, நீங்க போங்க என்றாள். இடுப்பெலும்புதான் உடைந்திருந்தது. ரத்தமெல்லாம் உள்ளேயே போயிருக்கிறது. எக்ஸ்ரேயை எனக்கும் காட்டினார்கள். உடைந்த உலோகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. இதை டாக்டரிடம் சொன்னேனா, இப்போதுதான் எழுதுகிறேனா, ஞாபகம் இல்லை.

டாக்டர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க பூர்ணிமா போன வருஷம் இதே சேர்ல உக்காந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'எங்கிட்ட எடுத்துக்கங்க டாக்டர், எனக்கு இடுப்புல நெறைய இருக்குது, கொறைஞ்சா நல்லதுதான்'னாங்க. நான் சிரிச்சிட்டேன். அப்பறம்தான் நெசமாவே கேக்கறாங்கன்னு புரிஞ்சுது. அவங்களுக்கும் இதேதான் சொன்னேன். யாமினியோடதுதான் வேணும்னு."

"எங்கிட்ட சொல்லல."

"யாமினிகிட்ட சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

டப்பாவை எடுத்து என் பையில் அவரே வைத்து ஜிப்பை மூடினார்.

ஜூலை 5, சனி

கேட்கவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

கடைக்குப் போகும் வழியில் கேட்டேன். அவள் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உங்கிட்ட ஆபரேஷன் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா சாமி?"

"ம். இங்கிருந்து எடுத்து இங்க வெப்பாங்கன்னு." இடுப்பையும் மூக்குக்குக் கீழேயும் தொட்டுக் காட்டினாள். "அம்மா, 'என்னுது வேண்டாங்கறாங்க, உன்னுது தர்றியா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். உங்கள மாதிரி." ஸ்ட்ராவில் மிச்சத்தை உறிஞ்சினாள். "அடுத்த நாளு சரின்னுட்டேன். நொண்டி நொண்டி நடந்தா ஸ்கூல்ல அசெம்ப்ளிக்கு உக்காந்துக்கலாம்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. மாடு செராமிக்குன்னு எழுதிட்டே இருந்தீங்க. வேற ஏதோ ஆபரேஷன்னு நெனச்சேன்."

ஒரு மாதமாக நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த விஷயத்தை அவர்கள் இருவரும் போன வருஷமே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்ததா, வேறு எதுவாவதா? ஜூஸ்காரர் சில்லறையைக் கையில் வைத்தது தெரியாமல் நடந்து வந்துவிட்டேன். யாமினி ஓடிப் போய் வாங்கி வந்தாள்.

டாக்டருக்குப் போன் செய்து சரி என்றேன். "எது சரி?" என்றார். "இடுப்பு" என்றேன். சொல்ல முடிந்தது.

ஜூலை 29, செவ்வாய்

ஆபரேஷன். ஆடியில் யாராவது செய்வார்களா என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்த விசு மச்சான் காலையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க்கில் காபி. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

தியேட்டர் கதவு வரை போனேன். அங்கே யாமினி நர்ஸிடம், "எந்த இடுப்புன்னு தெரியுமுங்களா அக்கா? மாத்தி எடுத்துறாதீங்க" என்றாள். நர்ஸ் பேனாவால் போட்டிருந்த குறியைக் காட்டினாள். "செரி, போலாம்" என்றாள் யாமினி.

டாக்டர் வெளியே வந்து நன்றாக முடிந்தது என்றார். எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டேன். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். ஒரு நெல்லிக்காய் நிற்கும் அளவு.

"எடுத்த எடம் என்ன ஆகும்?"

"ரொம்பிடும்."

"எதால ரொப்புவீங்க?"

"நாங்க ஒண்ணும் வெக்கல. தானா ரொம்பும்."

புரியவில்லை. திரும்பக் கேட்கவும் தோன்றவில்லை.

ஜூலை 31, வியாழன்

வாய் வீங்கியிருக்கிறது. இடுப்புதான் அதிகம் வலிக்கிறதாம். கஞ்சி, ஜூஸ், ஆறிய ரசம். பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வலிக்காத பக்கத்து இடுப்பு என் மேல் படும்படி பிடிக்க வேண்டும். முதல் தடவை தப்பான பக்கம் பிடித்துவிட்டேன். கத்தினாள். மன்னிச்சுக்கோ சாமி என்றேன். "அம்மான்னா கரெக்டாப் புடிச்சிருப்பாங்க" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டாம் தடவை சரியாகப் பிடித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்கூலுக்குப் போனாள். அசெம்ப்ளியில் உட்கார நாற்காலி கொடுத்தார்களாம். இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்களாம். நடை கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. வேண்டுமென்றே நொண்டுகிறாள் என்று சந்தேகம்.

பால் மூக்கில் வரவில்லை. இரண்டு பேரும் கவனித்தோம். 

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. கூடுதுறை. நிற்க இடமில்லை. மச்சான் யாமினியைப் படியில் உட்காரவைத்து சோளக்கருது வாங்கிக் கொடுத்தார். கடிக்கக் கூடாது, உதிர்த்துத்தான் தின்ன வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவளே அவருக்குச் சொன்னாள்.

தண்ணீரில் இறங்கினேன். மார்பளவு. ஐயர் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்ததைக் கைக்குள் வைத்திருந்தேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"உடறதுன்னா உடுங் மாப்ள."

நான் அவரைப் பார்த்தேன்.

"பிப்ரவரிலயே பாத்தனுங். சட்டியக் கவுக்கறதுக்கு முன்னால நீங்க பாக்கெட்டுல போட்டத."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டு?" முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார். "என் தங்கச்சி. நானும் எடுக்கலாம்னுதான் கைய நீட்டுனேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

எனக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அவருக்கும். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துண்டை அவர் கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டு விரலைத் திறந்தேன். மூழ்கியதா, போனதா, தெரியவில்லை. துளை நிறைய இருக்கும் பொருள். முதலில் தண்ணீரைக் குடிக்கும், பிறகுதான் இறங்கும்.

கரையில் யாமினி, "ரெண்டு பேரும் எதுக்கு சிரிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 31, வெள்ளி

புது எக்ஸ்ரே. கருப்பாக இருந்த இடைவெளியில் இப்போது மங்கலாகச் சாம்பல் நிறம். ஓரம் எது, வைத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் வேலையில் வெல்டிங் போட்ட இடத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். இதில் தேடிப் பார்த்தேன், இல்லை. கோரைப்பல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்த மாதிரி.

"வருது" என்றார் டாக்டர். "தானா வரும். யாரும் இழுக்க வேண்டாம்."

"இடுப்பு?"

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். யாமினிக்குக் கூச்சமாகிச் சிரித்தாள். நீங்களும் பாருங்கள் என்றார். விரலை வைத்தேன். தழும்பு மட்டும் மெலிசாக இருக்கிறது. அதற்குக் கீழே கெட்டியாக, மற்ற பக்கம் மாதிரியே இருந்தது.

வீட்டுக்கு வந்து அட்டவணையை எடுத்தேன். ஆறாவது வரிசையை அடித்துவிட்டேன். முதல் வரிசை, யாமினியின் எலும்பு, கடைசிப் பத்தி. எடுத்த இடத்தில் மிஞ்சுவது: குழி. அதையும் அடித்தேன். இரும்பில் ஓர் இடத்தைச் சுரண்டி எடுத்தால் எடுத்ததுதான். அது எப்படித் தானாக நிரம்பும்? எதைக்கொண்டு? புத்தகத்தில் படித்துவிட்டேன், படம்கூடப் போட்டிருக்கிறது. இருந்தாலும் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.